மிதிக்கப் பூசிய வண்ணம்

முதலில் ஒரு வாக்குமூலம். கடலோரப் பூங்காவில் இருக்கும் அந்தக் கூடைப்பந்து கோர்ட்டுக்கு முதல் தடவை பூசிய பெயிண்டை விற்றவள் நான்தான்.

2022 ஆவணி. ஆடி முழுக்க ஈ ஓட்டிய பெயிண்ட் கடைகள் ஆவணி பிறந்ததும் கிரகப்பிரவேசக் கூட்டத்தில் திணறும். அன்றைக்கு டின்டிங் மெஷின் முன்னால் ஆறு பேர் ஷேடு நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் வந்தார்கள். கல்லூரி வயசு. போனில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த பிங்க் வேணும் ஆன்ட்டி, மழைக்குத் தாங்கணும்" என்றார்கள். மழைக்குத் தாங்க வேண்டும் என்றால் எங்கள் வாயில் தானாக வரும் பதில் எக்ஸ்டீரியர் எமல்ஷன், அதாவது வெளிச்சுவர் பெயிண்ட். பிங்க், மஞ்சள், மயில்கழுத்து நீலம், எல்லாம் 20 லிட்டர் பக்கெட். பில் போட்டேன். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா காலத்திலிருந்து கல்லாவில் உட்காருகிறவள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியை நான் கேட்கவே இல்லை. சுவருக்கா, தரைக்கா?

பத்து நாள் கழித்து, காலை நடையின்போதுதான் பார்த்தேன். பெசன்ட் நகருக்கும் கொட்டிவாக்கத்துக்கும் நடுவில் கடலை ஒட்டிய ஒரு பூங்கா. பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் நடக்கிறவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். வாசலில் புங்க மரம், துருப்பிடித்த உடற்பயிற்சிக் கருவிகள், எல்லோரும் இடமிருந்து வலமாகவே சுற்றும் ஒரு நடைபாதை. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் முறைப்பார்கள். கிழக்கே இடுப்பளவு மதில், அதைத் தாண்டினால் மணல், அப்புறம் கடல். மதிலை ஒட்டி ஒரு கூடைப்பந்து கோர்ட். பல வருஷமாக வெறும் சாம்பல் சிமென்ட். கோடெல்லாம் மங்கி, எது எல்லை என்று தெரியாமல் பையன்கள் பேச்சுவாக்கில் முடிவு செய்துகொள்வார்கள்.

அன்று அந்த இடத்தில் என் கடை பிங்க் கிடந்தது. கண் கூசும் பிங்க். நடுவில் மஞ்சள் அலைகள், மூலைகளில் நீல மீன்கள். காலை வெயில் கடல் பக்கமிருந்து சாய்வாக விழுந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், தொண்டை அடைத்துக்கொண்டது. நானும் ஒரு காலத்தில் கூடைப்பந்து ஆடியவள். பள்ளிக்கூட டீமில் பாயின்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். எங்கள் பி.டி. மிஸ் நந்தனம் ஒய்எம்சிஏவில் படித்தவர். 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய அந்த உடற்கல்விக் கல்லூரியை அவர் தன் பிறந்த வீட்டைப்போலப் பேசுவார். விடியற்காலை ஐந்தரைக்கு வெறும் சிமென்ட் தரையில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் சத்தம்தான் என் பதின்மூன்று வயசு. முழங்கால் அப்போதே போயிற்று. யாராவது அன்றைக்கு எங்கள் தரைக்கு ஒரு நிறம் பூசியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அப்படியே காலை வைத்து நடந்தேன். வழுக்கியது.

அடித்தது சுவர் பெயிண்ட். காய்ந்தால் மேலே வழவழவென்று ஒரு படலம் நிற்கும். சுவரில் அது நல்லது, தூசி ஒட்டாது, மழை வழிந்து போகும். கடற்கரையில் சாயங்காலம் கிளம்பும் காற்று மதிலைத் தாண்டி மணலை அள்ளிப் போடும். வழவழப்பான தரையின்மேல் உலர்ந்த மணல் என்றால், கீழே குண்டுமணியைக் கொட்டிய மாதிரி. அந்த வாரமே ஒரு பத்து வயசுப் பையன் விழுந்து மோவாயில் நாலு தையல். அவன் அம்மா என் கடைக்கு வரவில்லை, அவருக்கு என்னைத் தெரியாது. வந்திருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

பிறகு டிசம்பர். 9-ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்ட மரப்பாதை, திறந்து இரண்டு வாரம்கூட ஆகாமல் சேதமானது அந்தப் புயலில்தான். பூங்காவில் மதில் ஓரம் முழங்கால் உயரத்துக்கு மணல். அதை வாரி எடுத்தபோது பிங்க்கும் சேர்ந்து வந்தது. அப்பளம் மாதிரி, உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, மடங்கி, நடைபாதை முழுக்க.

ஒரு செதிலை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக மாவு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம், யாரும் செய்ய வேண்டாம். உப்பு.

எங்கள் கடைக்கு அப்பா நாளிலிருந்து வரும் பெயின்டர் ஏழுமலை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். என்னை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். குந்தி உட்கார்ந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல பெஞ்ச மழையில போகல பாப்பா. கீழ இருந்து கடல் மூச்சு விடுது. நீ மூக்க அடைச்சிட்ட."

இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது, ஆனாலும் கடைக்காரியின் மொழியில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் பார்க்கத்தான் கெட்டி. உள்ளே தலைமுடியைவிட மெல்லிய வழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கடலோரத்தில் நிலத்தடி ஈரம் அவ்வளவு ஆழத்தில் இல்லை. திரி எண்ணெயை இழுப்பது போலத் தரை அந்த ஈரத்தை மேலே இழுக்கும், கூடவே கரைந்த உப்பையும். மேலே வந்ததும் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். வெறும் சிமென்ட் தரையில் அது வெள்ளையாகப் பூத்து நிற்கும், கூட்டிவிட்டால் போய்விடும். அதே தரையை மூச்சு விடாத படலத்தால் மூடினால் உப்பு படலத்துக்கு அடியில் படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும். அது பெயிண்டைத் தூக்கிவிட்டு இடம் பிடிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டியவர்கள் வருஷா வருஷம் சுவரின் கீழ் இரண்டடியில் பார்க்கும் அதே சங்கதி, படுத்த வாக்கில்.

2023 ஜனவரியில் அந்தப் பெண் மட்டும் கடைக்கு வந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. அவள் வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன், "தப்பு என்னுதும்மா. நான் கேட்டிருக்கணும்." அவளுக்குச் சண்டை போட எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று. டீ வரவழைத்தேன். இந்தத் தடவை அசல் விலைக்குத் தருகிறேன், நீங்கள் என் பேச்சைக் கேட்கிறீர்களா என்று பேரம் பேசினேன். அதிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஆன்ட்டியிலிருந்து அக்காவாவது சின்னப் பதவி உயர்வு இல்லை.

இரண்டாவது தடவை முதல் ஐந்து வாரம் ஒரு சொட்டு நிறம் பூசவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய சித்திரவதை. பழைய பெயிண்டைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, காயவிட்டு, மறுபடி உப்பு பூத்ததும் கூட்டிவிட்டு, மறுபடி கழுவி. அப்புறம் பாலித்தீன் சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் தரை இன்னும் ஈரம், தொடாதே என்று அர்த்தம். எட்டு இடத்தில் ஒட்டினோம். மேற்குப் பக்கம் மாசி முதல் வாரமே காய்ந்துவிட்டது. மதிலோரம் இருந்த இரண்டு ஷீட்டும் பங்குனி வரை வியர்த்துக்கொண்டே இருந்தன. தினமும் காலையில் நடைப் பயிற்சி மாமாக்கள் நின்று, "என்னம்மா, தரைக்கு ஜுரமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

விளையாட்டுத் தரைக்கென்று உள்ள அக்ரிலிக் பூச்சு வேறு ஜாதி. அதில் பொடிமணல் கலந்திருக்கும். கழுவிய சிலிக்கா மணல்தான், கடல் மணல் கூடவே கூடாது, அதன் உப்பு தனிக் கதை. அந்தச் சொரசொரப்புதான் ஷூவைப் பிடிக்கும். பூசுவது பிரஷ்ஷால் இல்லை. தரையில் ஊற்றி, அகலமான ரப்பர் வைப்பரால் இழுக்க வேண்டும். ஏழுமலை அண்ணனுக்கு அதில் சம்மதமே இல்லை. "நாப்பது வருஷமா பெயிண்ட் அடிக்கிறேன். வீடு துடைக்கிற மாதிரி அடிக்கச் சொல்றியே" என்று முதல் நாள் முழுக்க முனகினார். நேரம் இன்னொரு தலைவலி. விடியலில் பனி ஈரம். பத்தரைக்கு மேல் தரை கொதிக்க ஆரம்பித்துவிடும், ஊற்றினது இழுப்பதற்குள் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். மத்தியானம் கடல்காற்று வந்துவிட்டால் ஈரப் பெயிண்டில் மணல். ஆக ஒரு நாளைக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம். அதையும் ஒரு நாள் கூட்டமாக வந்த காக்கைகள் ஈரத்தில் நடந்து கெடுத்தன. அந்தக் காக்கைக் கால் தடங்களை அழிக்கக் கூடாது என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். இன்றும் நடு வட்டத்தின் ஓரத்தில் ஏழெட்டுத் தடம் இருக்கிறது.

சண்டை வந்தது கோட்டில்.

அவள் வரைந்துகொண்டு வந்த புதிய வடிவம் ஒரு சிக்குக் கோலம். பெரிய பெரிய புள்ளிகள், அவற்றைச் சுற்றி வளைந்து ஓடும் வெள்ளைக் கம்பி, அதாவது கோல இழை, கோர்ட் முழுக்க. தாளில் அற்புதமாக இருந்தது. நான் கேட்டேன், "ஆடுகிறவனுக்குக் கோடு எங்கே தெரியும்?" விளையாட்டுக் கோடும் வெள்ளை, 5 சென்டிமீட்டர் அகலம். கோலத்துக் கம்பியும் வெள்ளை. முழு வேகத்தில் ஓடி வருகிற பிள்ளை கால் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று தரையைப் பார்த்துத் தேட முடியாது, ஓரக்கண்ணில் தெரிய வேண்டும். "உங்க லைன் என் டிசைனை வெட்டுதுக்கா" என்றாள். "உன் டிசைன் என் விளையாட்டை வெட்டுது" என்றேன். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் புகுந்தவர் ஏழுமலை அண்ணன். "கோயில் சுவர்ல காவியும் சுண்ணாம்பும் மாறி மாறி வருதில்ல, ஒண்ணு இன்னொண்ண சாப்பிடுதா? வெள்ளையை அதுக்கு விட்டுட்டு, இதுக்கு வேற எடுத்துக்கோ." கடைசியில் வெள்ளை முழுக்க விளையாட்டுக்கு. கோலக் கம்பி சந்தன நிறத்துக்கு மாறியது. வெள்ளைக் கோடு கம்பியைக் கடக்கும் இடத்தில் கம்பி ஒரு விரல் அளவு விட்டுப் பின்வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கோடு போட்ட நாள் எனக்குத் திருவிழா. 28 மீட்டருக்கு 15 மீட்டர். மூலையில் 3, 4, 5 கணக்கில் நூல் கட்டிச் செங்கோணம் பார்த்தோம், அப்புறம் குறுக்கே இரண்டு மூலைவிட்டமும் அளந்தோம். இரண்டும் 31 மீட்டர் 76 சென்டிமீட்டர் வர வேண்டும். முதல் அளவில் ஒன்று எட்டு சென்டிமீட்டர் கூடுதல். பழைய கோர்ட்டே இத்தனை வருஷமாகக் கோணலாகத்தான் இருந்திருக்கிறது! மூன்று புள்ளி வில்லுக்கு, வளையத்தின் நேர்கீழே தரையில் ஆணி வைத்து, 6.75 மீட்டர் நூலில் சாக்பீஸ் கட்டி இழுத்தேன். முழங்கால் வலி தெரியவில்லை. நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு முனையிலும் ஆள் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் தரையில் விழும் அந்த நேர்கோட்டுக்கு இணையாக ஒரு சந்தோஷம் கட்டட வேலையில் கிடையாது.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் டேனியல் பீட்டர்சன் என்பவர் பொது கோர்ட்டுகளைப் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கப் படமெடுத்துப் பகிரப்படும் வண்ணக் கோர்ட்டுகளில் பல அந்த வழியில் வந்தவை. அவர் முதலில் செய்தது ஓவியம் இல்லை. பொதுப் பூங்காக்களில் கோடே இல்லை என்பதைக் கவனித்து, போய்க் கோடு போட்டார். வண்ணம் பிறகு வந்தது. இதை அந்தப் பெண்ணிடம் வெற்றிச் சிரிப்போடு சொன்னேன். அவள் பதிலுக்குப் பாரிஸைக் காட்டினாள். அங்கே பிகால் பகுதியில் இரண்டு பழைய கட்டடங்களின் இடுக்கில் ஒரு கோர்ட். 2009-இல் வண்ணம் பூசியது. அதன் பிறகு சில வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக அழித்து வேறொன்று பூசிவிடுகிறார்கள். "அவங்களே நிரந்தரம்னு நினைக்கலக்கா. நீங்க ஏன் பிங்க் ரெண்டு வருஷம்தான் தாங்கும்னு அழறீங்க?"

ஏனென்றால் நான் பெயிண்ட் விற்கிறவள். ஷேடு கார்டில் எல்லா நிறமும் ஒரே அளவு கட்டம்தான், ஆனால் ஆயுசு ஒன்றில்லை. காவி, செங்கல், மண் மஞ்சள் எல்லாம் இரும்புத் துரு வழி வந்தவை. வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. கோயில் மதில் காவி வெளிறினாலும் காவியாகத்தான் வெளிறும். பளிச்சென்ற பிங்க், எலுமிச்சை மஞ்சள், கத்திரிப்பூ போன்றவற்றில் பல கரிமச் சாயங்கள், சென்னை வெயிலில் முதலில் ஓடிப்போவது அவைதான். கடைசியில் பெரும்பரப்பு காவியும் சந்தனமும், கொஞ்சம் மயில்கழுத்து. பிங்க்குக்கு நடு வட்டம் மட்டும். அவளுக்கு அதில் வருத்தம்தான். "அக்கா, இது பார்க்க கோயில் மாதிரி இருக்கு" என்றாள். அதில் எனக்கு என்ன குறை என்று விளங்கவில்லை.

இன்னொரு விஷயத்திலும் நான் பிடிவாதமாக இருந்தேன். வளையத்துக்குக் கீழே உள்ள கட்டத்தில் அவள் கேட்ட கருநீலம் வேண்டாம் என்றேன். சித்திரை மத்தியானம் இரண்டு மணிக்குக் கருநீலத் தரையில் வெறுங்காலை வையுங்கள், புரியும். இந்தப் பூங்காவுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் செருப்புதான் ஷூ, அதையும் கழற்றிவிட்டுத்தான் ஆடுவார்கள். இப்போதும் வெயில் நேரத்தில் பார்த்தால் மயில்கழுத்தைத் தாண்டிக் குதித்து, சந்தனத்தில் மட்டுமே காலை வைத்துப் போகிற குட்டிகளைப் பார்க்கலாம்.

பக்கத்துக் குப்பத்துப் பையன்களிடமும் போய்க் கேட்டோம். அவர்களுடைய வாலிபால் கோர்ட் மதிலுக்கு அந்தப் பக்கம், மணலில். எல்லைக் கோட்டுக்கு வலைக் கயிற்றையே இழுத்து முளை அடித்திருப்பார்கள். 18-க்கு 9, அளவு கச்சிதமாக இருக்கும். "எங்க கோர்ட்டுல கை வைக்காதீங்கக்கா. கம்பத்துக்கு வேணா மிச்ச நீலத்தக் குடுங்க" என்று ஒரு டின்னை வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடிவிட்டது.

இந்த ஊருக்குச் சுவர் ஓவியம் புதிதல்ல. 2010-ஐ ஒட்டி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டரை விரட்ட ஓவியம் வரைந்தார்கள். 2020-இல் தெரு ஓவியத்துக்கான ஸ்டார்ட் இந்தியா அமைப்பு கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களைப் பெரிய பெரிய ஓவியங்களாக மாற்றியது. ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கப்பட்டவர்களின் சுவர்கள் அவை. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில், எச்.ஐ.வி. பற்றிய விழிப்புணர்வுக்காக வரைந்த அந்தக் கறுப்பு வெள்ளை முகங்களை ராஜீவ் காந்தி சாலையில் போகிற யாரும் தவறவிட முடியாது. ரசிக்கிறேன். ஆனால் சுவரை நாம் பார்ப்பதோடு சரி, அது நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. தரை அப்படியில்லை, அது மேல் ஏறி நிற்கச் சொல்கிறது. அதனால்தான் டிரோன் படத்துக்காகவே வரைகிற கோர்ட்டுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல். நானூறு அடி உயரத்தில் பறக்கிற பருந்துக்கு அழகான முகமாகத் தெரியும், தரையில் நிற்கிறவனுக்கு ஒரு மூக்கின் கால்வாசி மட்டும் தெரியும். கோலம் போடுகிறவள் குனிந்து போடுகிறாள், நிமிர்ந்து பார்க்கிறாள், அவ்வளவுதான் அதன் உயரம். அடுத்த நிமிஷமே பால்காரர் மிதிப்பார் என்று தெரிந்துதான் போடுகிறாள்.

சிக்குக் கோலத்தில் எனக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். பூச்சு காய்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பந்தை மறந்துவிட்டு, ஏழெட்டுக் குழந்தைகள் அந்தச் சந்தன நிறக் கம்பியின்மேல் ஓட ஆரம்பித்தார்கள். கம்பியை விட்டு இறங்கக் கூடாது என்பது அவர்களே வைத்த விதி. ஒரு பெண் குழந்தை ஓடி ஓடிக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தாள். ஆனால் பாதிக் கோர்ட்டை அவள் தொடவே இல்லை. இன்னொருவன் வேறிடத்தில் ஆரம்பித்தான், அவன் சுற்று வேறு. சாயங்காலத்துக்குள் கணக்கு வந்துவிட்டது. அது ஒரு கம்பிக் கோலம் இல்லை, மூன்று கம்பி. வரைந்தவளுக்கே தெரியாது! மூன்று கம்பிக்கு மூன்று அணி, ஒரு கம்பிக்காரன் இன்னொரு கம்பிக்காரனைக் கடக்கும் புள்ளியில் மட்டும்தான் தொட்டு அவுட்டாக்கலாம் என்று ஒரு விளையாட்டு உருவாகிவிட்டது. அதற்குப் பெயர் 'கம்பி'. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1974-இல் அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலங்களைக் கணினி மொழியின் இலக்கணம் போல விதிகளால் விவரிக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். எத்தனை கம்பி என்பதும் அவருடைய அக்கறைகளில் ஒன்றாக இருந்தது. வாசலில் குந்தியிருந்த பெண்களின் விரலைப் பார்த்து வந்த கணக்கு அது. பெசன்ட் நகர்ப் பிள்ளைகள் அதைக் குதிகாலால் போட்டார்கள்.

கோர்ட் அழகானதும் அடுத்த ஆசை விளக்கு. ராத்திரியிலும் வண்ணம் தெரிய வேண்டும், ரீல்ஸ் எடுக்க வேண்டும், நாலு பக்கமும் ஃபிளட்லைட். தையிலிருந்து பங்குனிவரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் அமைப்பாகச் சேர்ந்து ராத்திரி முழுக்கக் கரையில் நடந்து முட்டைகளைக் காக்கிற இடம் இது. பொரிந்து வரும் குஞ்சு வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். கடல்மேல் விழும் வானத்து வெளிச்சத்தை நம்பிப் பழகிய கணக்கு. நம் விளக்கு பிரகாசமாக இருந்தால் நம் பக்கம் வந்து காக்கைக்கும் நாய்க்கும் போகும். இதில் விவாதத்துக்கே இடமில்லை என்று நான் நினைத்தேன், விவாதம் மூன்று கூட்டம் நடந்தது. இப்போது மேற்குப் பக்கம் மட்டும் இரண்டு விளக்கு, தலைகுனிந்தபடி, எட்டரைக்கு அணைந்துவிடும். ரீல்ஸ்காரர்கள் பகலில் வருகிறார்கள்.

அந்தப் பூச்சுக்கு மூன்று மழை ஆயிற்று. 2023 டிசம்பரிலேயே மிக்ஜாம் புயல் வந்து ஊரை மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக ஓடிப்போய்ப் பார்த்தது கடையை இல்லை, கோர்ட்டைத்தான், வீட்டில் திட்டினார்கள். மதிலோரம் மூன்றிடத்தில் கொப்புளம், அவ்வளவுதான். வியர்த்துக்கொண்டே இருந்த அந்த இரண்டு ஷீட்டின் இடம்தான். இன்னும் பத்து நாள் பொறுத்திருக்கலாம்.

இப்போது தேய்மானத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். காலையில் ஆள் வருமுன் போனால் தரையே சொல்லும். தெற்கு வளையத்துக்கு வலப்பக்கம் நாற்பத்தைந்து பாகையில் ஒரு பாதை வெளுத்துக் கிடக்கிறது. ஓடி வந்து வளையத்தருகே எம்பிப் போடும் லே-அப் எல்லோருக்கும் வலக்கையில்தான் வருகிறது, இடக்கை யாருக்கும் சொல்லித்தரவில்லை. ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் இரண்டு பாத அளவுக்குக் காவி போய்ச் சிமென்ட் எட்டிப் பார்க்கிறது. பிங்க் வட்டம் நான் சொன்னபடியே ரோஜா நிறத்திலிருந்து பழைய பனியன் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் சொன்னபடி ஆனதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேற்கு மூலையில் யாரும் ஆடாத இடத்தில் ஓர் ஆள் அகலத்துக்குப் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. பல நாள் யோசித்தும் விளங்கவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை பார்த்தேன், சிரிப்புக் கிளப்பின் தலைவர் நின்று கையை ஆட்டுகிற இடம் அது.

வடக்குப் பக்க வளையம் மட்டும் பூச்சு முடிந்த இரண்டாவது மாதமே எவனோ தொங்கி வளைந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. நானே வாங்கி மாட்டுகிறேன் என்றேன், அதற்கும் அனுமதி வேண்டுமாம். வளையத்துக்குக் கீழே உள்ள அந்தக் கட்டத்துச் சந்தன நிறத்தில் ஒரு கீறல் கிடையாது. நாங்கள் வைப்பரால் இழுத்த நாளன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.